அம்மாவுக்கு ஏற்ற லைஃப் ஜக்கெட்

கட்டுகஸ்தோட்டை வீதி,
கண்டி.
10.03.1999

அன்புள்ள தம்பி விவேகானந்தனுக்கு,

நாங்கள் நலம். நீயும் மனைவி பிள்ளைகளும் அந்தக் குளிரில் நலமாயிருக்கப் பிள்ளையாரை வேண்டுவதாக எழுதச் சொல்லி, அம்மா என் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நிற்கிறார்; எழுதிவிட்டேன். இனி அவர் குசினிக்குப் போய்விடுவார், நான் நடந்ததை எழுதலாம்.

லீலா பெரியம்மாவுக்குக் கண்பார்வை மங்கிக்கொண்டு போகிறது, முழுவதும் இருளமுன் தங்கச்சியின் முகத்தை ஒருமுறை பார்க்கவேண்டும் என்று வடக்கே அளவெட்டியிலிருந்து ஆள்மூலம் சொல்லி அனுப்பியது உனக்குத் தெரியும். வன்னிப் பாதை மூடிக் கிடக்கிறது, விமானமும் நின்றுபோயிற்று, மிச்சம் திருகோணமலைக் கப்பல்தான். அதற்குப் பாஸ் எடுக்க நான் கந்தோர் கந்தோராக அலைந்துகொண்டிருந்தபோது, நீ ரொறன்ரோவிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு, லைஃப் ஜக்கெட் இல்லாமல் அம்மா கடலில் கால் வைக்கக்கூடாது என்று சட்டம் போட்டாய். அம்மாவுக்கு நான் சொல்வது வானிலை அறிக்கை, நீ சொல்வது சுப்ரீம் கோட் தீர்ப்பு. ஆகவே அன்றைக்கே ஜக்கெட் தேடிப் புறப்பட்டேன். இங்கே கண்டியில், திருகோணமலை வீதியில் ஒரு கடையில், "எழுபத்துமூன்று வயது அம்மாவுக்கு லைஃப் ஜக்கெட் இருக்கிறதா?" என்று கேட்டேன். கடைக்காரர் என் நெற்றிப் பொட்டைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், "மிஸ், கொஞ்சம் மெதுவாப் பேசுங்க" என்று சொல்லி எனக்கு ஒரு மழைக்கோட்டை விற்றுவிட்டார். தமிழும் கடலும் ஒரே வசனத்தில் வந்தால் கேட்பவருக்கு வியர்க்கிற காலம் இது.

பிறகுதான் கண்டி வாவியில் உல்லாசப் பயணிகளுக்குப் படகு விடும் ஹாஷிமிடம் போனேன். அவர் தன்னிடமிருந்த மூன்று ஜக்கெட்டுகளைச் சாக்கில் சுற்றி, பலாக்காய் கொண்டுவருகிற மாதிரி வீட்டுக்குக் கொண்டுவந்தார். முதலாவது தலைவழியாகப் போடுவது. அம்மாவின் வலக்கை தோளுக்கு மேலே உயராது என்பதை மறந்து நாங்கள் இருவரும் இழுத்தோம். கொண்டையில் சிக்கி, மூக்குக்கு மேலே ஒன்றும் தெரியாமல் அம்மா கூடத்தில் நின்றார். உள்ளேயிருந்து, "பிள்ளை, நான் கடலில சாகிறது பரவாயில்லை, இதுக்குள்ள சாகமாட்டன்" என்று ஒரு குரல் வந்தது. இரண்டாவதில் கால்களுக்கு நடுவே எடுத்து இறுக்கிக் கட்ட ஒரு பட்டி தொங்கியது. அம்மா அதைத் தூக்கிப் பார்த்து, "இதென்ன, கோவணமோ? சீலைக்கு மேலாலயோ கீழாலயோ?" என்று கேட்டதும் ஹாஷிம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "அது கழுசான் போடுறவங்களுக்கும்மா" என்றார். மூன்றாவது முன்னால் பூட்டுவதுதான், ஆனால் கட்டையாக விறைத்த சாமான். அதைப் போட்டுக் கதிரையில் இருந்ததும் நாடி மேலே தள்ளுப்பட்டு அம்மா முகட்டைப் பார்த்தபடி இருந்தார். "என்ட வாப்பா காலத்துச் சாமான் டீச்சர், மனிசன முங்க விடாது" என்றார் ஹாஷிம். "தம்பி, மூச்சும் விடவிடாது" என்றார் அம்மா.

அப்போதுதான் உன் பார்சல் வந்தது. உள்ளதைச் சொன்னால், நீ அனுப்பியது நல்ல சாமான். சால்வை மாதிரி மெல்லியது, முன்னால் பூட்டுவது, கையை உயர்த்தத் தேவையில்லை, நாடியில் இடிக்காது, கோவணமும் இல்லை. தண்ணீர் பட்டால் உள்ளே ஒரு வில்லை கரைந்து, சின்னச் சிலிண்டரிலிருந்து காற்று வந்து தானாக ஊதும் என்ற அச்சடித்த விளக்கத்தை நான் நம்பவில்லை. விற்பவன் அப்படித்தான் சொல்லுவான் என்று அம்மாவிடமும் சொன்னேன். பழகுவதற்காகத் தினமும் கொஞ்ச நேரம் போட்டிருக்கவேண்டும் என்பது உன் கட்டளை. அம்மா போட்டார், கழற்றினால் குளியலறைக் கதவில் கொழுவினார். வீட்டுக்குள் மட்டும், வெளியே வேண்டாம், இந்தக் காலத்தில் உடம்பில் சிலிண்டர் கட்டிய தமிழ்ப் பொம்பிளை என்றால் என்ன நினைப்பார்கள் என்று நான் சொன்னது, முன்னரே எழுதியபடி, வானிலை அறிக்கை.

போன கிழமை மாசி மகம். மகாவலிக் கரையில் எங்கள் சின்னப் பிள்ளையார் கோயிலில் தீர்த்தம். அம்மா சேலைக்கு மேலே சால்வை போர்த்து வந்தார். குளிராக்கும் என்று நினைத்தேன். ஐயர் கும்பத் தண்ணீரை மாவிலையால் தெளித்துக்கொண்டு வந்தார். அம்மாவிடம் அவருக்குத் தனி மரியாதை, அதனால் கும்பத்தையே கவிழ்த்த மாதிரி தெளித்தார். குளியலறை ஈரத்தில் ஏற்கெனவே இளகிப் போயிருந்த வில்லைக்கு அது போதும். "டப்" என்று ஒரு வெடி, பிறகு "உஸ்ஸ்ஸ்". இந்த ஊரில் சத்தம் கேட்டால் என்ன செய்யவேண்டும் என்று இப்போது யாருக்கும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. அவ்வளவு சனமும் நிலத்தில். ஐயர் கும்பத்தோடு நிலத்தில். முதலில் விழுந்தவர்களில் நானும் ஒருத்தி. நிமிர்ந்து நின்றது அம்மா மட்டும்தான். சால்வையைப் பிளந்துகொண்டு கழுத்தைச் சுற்றி மஞ்சள் நிறத்தில் ஏதோ வீங்கிக்கொண்டிருந்தது. மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்திருந்த பாலம்மா படுத்தபடியே, "ஐயோ, அம்மாவுக்கு சாமி வந்திருச்சு!" என்று கும்பிட்டாள்.

சாமி வந்த பிறகு, கோயிலுக்குக் காவல் நின்ற பொலிஸ் சார்ஜன் வந்தார். இனி எழுதப்போவது சிரிப்பதற்கல்ல. துவக்கை அம்மாவுக்கு நேரே பிடித்துக்கொண்டு, இரண்டு கையையும் உயர்த்தச் சொல்லிச் சிங்களத்தில் கத்தினார். அம்மா இடக்கையை உயர்த்தினார். வலக்கை உயரவில்லை. அவர் மறுபடி கத்தினார். வலக்கை எப்படி உயரும்? நான் புழுதியில் கிடந்தபடி, அவவுக்குத் தோள் வருத்தம், அவவால் ஏலாது, அது தண்ணீரில் மிதக்கிற சாமான் என்று எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் கத்தி முடித்தேன். சார்ஜன் வீங்கிய மஞ்சளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "கோயிலுக்குள்ளே மிதக்கவா?" என்று கேட்டார். துவக்கு இறங்கவில்லை. "மிதக்கும் என்றால் காட்டு."

நான் எழும்பி ஜக்கெட்டைக் கழற்றப் போனேன். அம்மா விடவில்லை. "அவர் காட்டச் சொல்லுறாரெல்லே" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு படிக்கும் முழங்கால் முனக முனக ஆற்றுப் படியில் இறங்கினார். உனக்குத் தெரியும், அம்மா ஆயுளில் கிணற்றடி வாளிக்கு மேலே தண்ணீர் கண்டவரல்ல. எனக்குக் கணுக்கால் நனைந்தாலே தலை சுற்றும். கடைசிப் படியோடு நின்றுவிட்டேன். தீர்த்தமாடக் கட்டியிருந்த கயிற்றுக்கு உட்பக்கமாகப் போய், அம்மா பின்னுக்குச் சாய்ந்தார். நான் கண்ணை மூடினேன்.

திறந்தபோது அம்மா ஆற்றின் மேலே படுத்திருந்தார். நீலச் சேலை சுற்றிவர விரிந்து மெல்ல அசைந்தது. வீட்டில் ஒரு வாசற்படி ஏற என் தோளைப் பிடிக்கும் அந்தக் கால்கள் இரண்டும் பாரமே இல்லாமல் மேலே வந்து கிடந்தன. முகம் வானத்தைப் பார்த்தபடி. நான் வருஷக்கணக்காகக் கரும்பலகையில் மிதப்பு விதியை எழுதிவருகிறவள். இடம்பெயர்ந்த நீரின் நிறை என்று எத்தனை பிள்ளைகளைப் பாடமாக்க வைத்திருப்பேன். அது இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, தம்பி. நிலத்தில் கிடந்த சனமெல்லாம் எழும்பிக் கரைக்கு வந்து நின்றது. சார்ஜன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"பிள்ளை!" என்று தண்ணீரிலிருந்து அம்மா கூப்பிட்டார். "முழங்கால் நோகேல்லையடி! ஒரு இடமும் நோகேல்லை!"

"ஆச்சி, போதும், வாங்க" என்றார் சார்ஜன், தமிழில்.

"இன்னும் கொஞ்சம் கிடக்கிறன், தம்பி" என்றார் அம்மா. கிடந்தார். பிறகு சார்ஜனே சப்பாத்து நனைய இறங்கி, அந்த வலக்கையை உயர்த்தாமல், முழங்கைக்குக் கீழே பிடித்துக் கூட்டிவந்தார்.

ஆகவே முடிவு இது: உன் ஜக்கெட்டே அம்மாவுக்குச் சரி, வேறெதுவும் வேண்டாம். ஒரு புதுச் சிலிண்டரும் வில்லையும் உடனே அனுப்பு. அவை வரும்வரை அம்மாவை நான் கப்பலில் ஏற்றமாட்டேன். முதல் தடவையாக நீயும் நானும் ஒரே பக்கத்தில் நிற்கிறோம். மருமகளுக்கும் பிள்ளைகளுக்கும் அம்மாவின் ஆசீர்வாதம். தலைக்கு எண்ணெய் வைக்கச் சொல்லட்டாம்.

இப்படிக்கு,
அன்பு அக்கா,
கமலாசனி

பிற்குறிப்பு: இந்தக் கடிதத்தை ஒட்டமுன்னமே பாஸ் வந்துவிட்டது, வெள்ளிக்கிழமைக் கப்பல். சிலிண்டர் வைத்த எதுவும் வடக்கே கொண்டுபோகத் தடையாம், ஆகவே ஒன்றும் அனுப்பாதே. அம்மா, "அக்கா பார்க்கக் காத்திருக்கிறது என்ர முகத்தை, ஜக்கெட்டை இல்லை" என்று சொல்லிப் பெட்டியைக் கட்டிவிட்டார். நீ இதைப் பிரிக்கும்போது பெரியம்மா அவரைப் பார்த்திருப்பார். கூட நானும் போகிறேன். ஹாஷிமின் முதலாவது ஜக்கெட்டுக்கு, அந்தத் தலைவழியாகப் போடுவதற்கு, தடையில்லையாம். அம்மா அதை எனக்கென்று எடுத்து வைத்திருக்கிறார். "தண்ணிக்குப் பயந்தவள் நீதானேயடி" என்கிறார். போட்டுப் பார்த்தேன். எனக்குக் கொண்டை இல்லாததால் தலை சுகமாகப் போயிற்று.