எட்டாம் வகுப்பு மணிமாறனும் தும்பிக்கை உடைந்த யானையும்

மீசை முளைத்த ஆளைப் பள்ளிக்கூடத்துப் பையன் மிரட்ட முடியாது என்றுதான் ஊர் உலகம் நம்புகிறது. விருத்தாசலத்தில் என்னை ஒருவன் மிரட்டினான். அவன் எட்டாம் வகுப்பு. நான் பீங்கான் பொம்மை செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் இருக்கும். மச்சான் துபாயில் இருந்ததால் அக்கா வீட்டில்தான் தங்கியிருந்தேன். அக்கா மகன் செந்தில் ஐந்தாம் வகுப்பு. தினமும் பொத்தான் அறுந்த சட்டையோடு வருவான். கேட்டால், "கீழ வுழுந்துட்டேன்" என்பான். ஒருநாள் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று கட்டில் காலைக் கட்டிக்கொண்டு அழுதபோதுதான் மணிமாறன் என்ற பெயர் வெளியே வந்தது.

"டீச்சர்கிட்ட சொல்லிடலாம்டா" என்றாள் அக்கா.

"இதுக்குப் போயி டீச்சரா? நான் பாத்துக்கறேன்" என்றேன். (சொன்னது வாய். கால்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.)

மறுநாள் சாயங்காலம் கூலிங்கிளாஸ் மாட்டிக்கொண்டு பள்ளி வாசலில் நின்றேன். செந்தில் கைகாட்டிய மணிமாறன் என்னைவிட ஒரு சாண் உயரம். அகலத்தைப் பற்றிப் பேச வேண்டாம். வந்தவன் என் கண்ணாடியைக் கழற்றித் தான் மாட்டிக்கொண்டான்.

"பொம்மை கம்பெனி மாமாவா? நாளைக்கு ஒரு யானை எடுத்தாங்க."

"தம்பி, அது வந்து..."

"தம்பியா?" என்று ஓரடி முன்னால் வந்தான்.

"எடுத்தாரேங்க" என்றேன். (ஆமாம், 'ங்க' போட்டேன்.)

கம்பெனியில் கழித்துப் போட்ட யானை ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். "தும்பிக்கை ஒடைஞ்சிருக்குது. வேற எடுத்தா." இப்போது அவன் பேச்சில் 'ங்க' இல்லை. அதன்பின் குதிரை போனது, ஜோடிக் கிளி போனது. வெறுங்கையோடு போன அன்று, சைக்கிளோடு என்னைச் சாக்கடையில் தள்ளிவிட்டான்.

"என்னடா ஆச்சு?" என்றாள் அக்கா.

"கீழ வுழுந்துட்டேன்."

அக்கா செந்திலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ரெண்டு பேரும் ஒரே எடத்துலதான் வுழுவீங்களா?"

மறுநாள் காலை எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு போய் டீச்சர் முன்னால் நிறுத்தினாள். டீச்சர் சத்தம் போடவில்லை. மணிமாறனைக் கூப்பிட்டு நிற்க வைத்து, "இவனால கஷ்டப்பட்டவங்க பயப்படாம இப்படி வந்து நில்லுங்க" என்றார். பொடிசுகள் தயங்கித் தயங்கி வந்து வரிசையில் நின்றன. செந்திலும் போனான். போனவன் சும்மா இல்லாமல் திரும்பினான்.

"மாமா, நீங்களும் வாங்க. பயப்படாதீங்க, டீச்சர் இருக்காங்க."

போய் நின்றேன். டீச்சர் பழக்கதோஷத்தில், "நீ எந்த கிளாஸ்?" என்றார்.

"அஞ்சாவது, டீச்சர்" என்றேன் பதற்றத்தில்.

சிரிக்காமல் நின்றது மணிமாறன் மட்டும்தான். அத்தனை பேர் சேர்ந்து நின்று அவன் பார்த்ததே இல்லை, தலை குனிந்துவிட்டான். இரண்டு வருஷம் பெயிலானவனை அவன் வகுப்பே 'தாத்தா' என்று கூப்பிட்டது டீச்சர் விசாரித்தபோதுதான் தெரிந்தது. அந்தப் பெயரையும் அன்றே நிறுத்தினார். மறுநாள் மணிமாறன் அப்பாவோடு வந்து, பறித்த பென்சில் பாக்ஸ்களையும் என் மிருகங்களையும் மேசையில் அடுக்கினான். செந்தில் அதன்பின் அழாமல் பள்ளிக்கூடம் போனான்.

சில வருஷம் கழித்து சேத்தியாத்தோப்பில் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண் ஸ்கூலில் வேலை பார்க்கிறாள் என்றதும் எனக்கு வியர்த்தது. செந்தில் சபைக்கே கேட்கிற மாதிரி, "பயப்படாதீங்க மாமா, அவங்களும் டீச்சர்தான்" என்றான். என்ன ஏது என்று அவர்கள் கேட்க, அக்கா முழுக் கதையையும் சொல்லி முடித்தாள்.

கல்யாணம் நடந்துவிட்டது. ஆனால் மாமியார் வீட்டில் இன்றுவரை எனக்குப் பெயர் 'அஞ்சாங்கிளாஸ் மாப்ள'.