முப்பது வருஷ அழுக்கு

கராஜுக்குள் கால் வைத்த ஆனந்தராசாவுக்குக் கண் கூசியது.

மேசையில் இருந்த மூன்று கார்புரேட்டர்களும் பெருநாள் குத்துவிளக்குப் போலப் பளபளத்துக்கொண்டிருந்தன.

"சாந்தகுமாரி! இதை ஆர் தொட்டது?"

"வேற ஆர்? நான்தான்." மனைவி வாளியோடு வந்தாள். "நாளைக்குப் பின்னேரம் மாதா சொரூபம் எங்கட வீட்டுக்கு வருது. இருபது பேர் இதுக்குள்ள இருந்து செபமாலை சொல்லப் போகினம். உந்த ஊத்தைச் சாமானைப் பாத்துக்கொண்டோ 'அருள் நிறைந்த மரியே' சொல்றது? பழப்புளியில ஊறவிட்டு, தும்பால உரஞ்சிப் போட்டன். பாருங்கோ, இப்ப கடையில வாங்கினது மாதிரி."

"அதுதானப்பா பிழை!"

அறுபத்தாறாம் ஆண்டு போன்டியாக் காருக்கென்று, ஒரே அடித்தட்டில் மூன்று கார்புரேட்டர்களை வரிசையாகப் பூட்டிய அமெரிக்கச் செட் அது. ஆனந்தராசாவிடம் இருந்ததோ ஒரு வெள்ளை டொயோட்டா. ஈஸ்ட் டாமாக்கித் தொழிற்சாலையில் கூட வேலை செய்கிறவர் ஒருவர், "இந்தக் காலத்தில் காசு பழைய இரும்பில்தான்" என்று சாப்பாட்டு நேரத்தில் சொல்லியிருந்தார். அந்தச் சாண்ட்விச் முடிவதற்குள் ஆனந்தராசா வியாபாரி ஆகிவிட்டார்.

வாங்குவதற்கு ஆளும் அகப்பட்டிருந்தது. பாப்பாகுராவில் இருக்கும் வெள்ளைக்காரர் கிரேம். அந்தச் செட் முன்பு அவருடையதுதான். ஐந்து வருடங்களுக்கு முன் ஏதோ அவசரத்தில் விற்றுவிட்டு, அன்று முதல் தூக்கமே இல்லையாம்.

"துணியால்கூடத் துடைத்துவிடாதே," என்று போனில் மன்றாடியிருந்தார். "அது முப்பது வருஷ அழுக்கு. பாதி விலை இரும்புக்கு. பாதி விலை அழுக்குக்கு."

ஆனந்தராசா இதைச் சொல்லக் கேட்ட சாந்தகுமாரி வாயில் கையை வைத்தாள்.

"ஊத்தைக்கு விலையோ? எங்கட குசினிப் புகைக்கூண்டையும் கழட்டி விப்பமே?"

"பகிடி விடாதையும். இது சரித்திரம்!"

"உங்கட சரித்திரம் கிடக்கட்டும். திங்கட்கிழமை தம்பியின்ர விசாவுக்குக் காசு கட்ட வேணும். அதை யோசியுங்கோ."

ஆனந்தராசா கார்புரேட்டர்களைப் பார்த்தார்.

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு அவளும் கார்புரேட்டர்களைப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ... அந்தக் காசு எங்க?"

"இதுதான்."

வாளி கீழே விழுந்தது. கொழும்பில் ஒரு வாடகை அறைக்குள் இரண்டு வருடமாகப் பெட்டியைக் கட்டிக்கொண்டு இருக்கிறான் அவளுடைய தம்பி நிரூஜன். அவனுடைய விசாவில் பாதியைப் புளித்தண்ணீரோடு அவளே கழிவுநீர்க் கானுக்குள் ஊற்றியிருந்தாள்.

"அந்த வெள்ளைக்காரன் எப்ப வாறான்?"

"நாளைக்குக் காலமை பத்துக்கு."

"அப்ப என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? ஊத்தையைக் கொண்டாங்கோ!"

டொயோட்டாவின் கறுத்த எஞ்சின் எண்ணெயை வடித்துப் பூசினார்கள். கார்புரேட்டர்கள் எண்ணெய் வைத்துத் தலைவாரிய பள்ளிப் பிள்ளைகள் போல முன்னிலும் அதிகமாக மினுங்கின.

பக்கத்து வீட்டு தேவேந்திரா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். ஃபிஜிக்காரர். மவுண்ட் வெல்லிங்டனில் நசுங்கிய கார்களை நிமிர்த்துகிறவர்.

"எண்ணெ மட்டும் பத்தாது அண்ணே, தூசி ஒட்டணும். வேக்யூம் கிளீனர் பையை அது மேல கொட்டி, ஓவன்ல வச்சுச் சுடுங்க. இருபது வருஷமா காரோட கெடக்கேன், நம்புங்க."

நம்பினார்கள். நாளைய சபைக்கான பட்டீஸ் பலகாரத் தட்டுகள் வெளியே வந்தன, சரித்திரம் ஓவனுக்குள் போனது. கால் மணி நேரத்தில் புகை மணி ஊளையிட்டது. வெளியே எடுத்தால், மூன்று கார்புரேட்டருக்கும் இளஞ்சிவப்பில் மயிர் முளைத்திருந்தது.

"என்ன தேவேந்திரா இது?"

"உங்க வீட்டு கார்ப்பெட் பிங்க்னு நீங்க சொல்லவே இல்லையே அண்ணே!"

மயிரைப் பொசுக்கினார்கள். "முந்தி இதில ஒரு பழுப்பு மஞ்சள் இருந்தது," என்று சாந்தகுமாரிக்கு நினைவு வந்தது. மஞ்சள்தூள் தேடிப் போனவள், அது போதாமல் கறித்தூளும் கொண்டு வந்தாள். அதன் மேல் அடுப்புக்கரி. ஐந்தடி தள்ளி நின்று பார்த்தால் முப்பது வருஷம். கிட்டப் போனால் நண்டுக்குழம்பு.

மறுநாள் பத்து அடிக்கக் கிரேம் வந்தார். கையில் பூதக்கண்ணாடி, பருத்திக் கையுறை. பின்னால் மனைவி பெவர்லி, கைப்பையோடு கதவடியில் நின்றுகொண்டார்.

கிரேம் குனிந்தார். தடவினார். முகர்ந்தார். பிறகு கையுறையைக் கழற்றி, விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். மூன்று முறை தும்மினார்.

"இது என் அழுக்கு இல்லை," என்றார்.

"அதேதான் ஐயா," என்று ஆனந்தராசா வாயெடுத்தார். "கொஞ்சம் வெக்கைக்கு..."

"பதினேழு வருஷம் ஒவ்வொரு ஞாயிறும் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். என் அழுக்கு எனக்குத் தெரியாதா? காலம் மட்டுமே செய்யக்கூடிய வேலை அது. மனுஷக் கையால் ஆகாது!"

கண்களைத் துடைத்துக்கொண்டு போய்க் காருக்குள் உட்கார்ந்தார். கண்ணாடிக்குள் அவருடைய தோள்கள் குலுங்குவது தெரிந்தது.

சாந்தகுமாரிக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் ஒன்றாக உடைந்து வந்தது. மாதா வருகிறது, நான்தான் கழுவினேன், தம்பி கொழும்பில் இருக்கிறான், திங்கட்கிழமை, விசா, என்னை மன்னித்துவிடுங்கள்.

பெவர்லி காரை ஒருதரம் எட்டிப் பார்த்தார். கராஜ் கதவை மெதுவாக இழுத்துச் சாத்தினார். கைப்பையை மேசையில் வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்தார்.

"அழாதே பிள்ளை, கொஞ்சம் கொக்கோவும் சப்பாத்துக்குப் பூசும் கறுப்பும் எடுத்து வா, கல்யாணமான முதல் வருஷமே நானும் அதைக் கழுவிவிட்டேன், அவர் பதினேழு வருஷம் கும்பிட்டது நான் செய்த அழுக்கைத்தான்."