மாமனார் கம்பெனி மணியும் என் செல்ஃப் மோட்டாரும்

கனவு காண்கிறவர்கள் கார் வைத்துக்கொள்ளக் கூடாது. வைத்துக்கொண்டாலும், அதற்கு என்ன நோய் என்று அவர்களே கண்டுபிடிக்கக் கூடாது. நான் இரண்டையும் செய்தவன்.

அப்போது சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைந்துகொண்டிருந்தேன். பகலெல்லாம் கம்ப்யூட்டரில் மயிலுக்குத் தோகை விரித்து நிலாவுக்கு மஞ்சள் ஏற்றிவிட்டு வெளியே வந்தால், உலகம் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும். எம். புதுப்பட்டிப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றிலிருந்து லேபிள் சரிபார்க்க வருகிறவள் மாரீஸ்வரி. கம்பெனி அவள் அப்பாவுடையது. முதல் நாளே, "இந்த மயிலு ஏன் தூங்கி வழியுது?" என்று கேட்டாள். (வரைந்தவனும் அப்படித்தான் இருந்தான்.) அன்றிலிருந்து நான் கண்ட கனவெல்லாம் ஒன்றுதான். அப்பாவின் பழைய காரில் அவளை ஏற்றிக்கொண்டு ஆனைக்குட்டம் அணைக்குப் போகிறேன். தண்ணீர் பளபளக்கிறது. அவள் மயிலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கனவில் கார் ஒழுங்காக ஓடியது. நிஜத்தில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், பிறகு மௌன விரதம். பேட்டரிதான் என்று அடித்துச் சொல்லி, புதுப் பேட்டரி வாங்கி மாட்டினேன். ஹார்ன் ஊரைக் கூட்டியது, ஹெட்லைட் கண்ணைப் பறித்தது, கார் மட்டும் 'டக்'. விருதுநகர் மெக்கானிக் ஒருமுறை காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "லைட்டு மங்காம டக்குங்குதுன்னா பேட்டரி இல்லண்ணே, இஞ்சினக் கெளப்பி விடுற செல்ஃப் மோட்டாரு. கார்பன் தேஞ்சு போயிருக்கும். மோட்டார மாத்திருங்க. அதுவரைக்கும் அவசரத்துக்கு ஸ்பேனரால தட்டுனா எடுக்கும்" என்றார். நான் கடைசி வரியை மட்டும் மனதில் வாங்கிக்கொண்டேன்.

மயிலைத் திட்டித் திட்டியே அவளுக்கும் என்னைப் பிடித்துப் போயிருந்தது. இந்த நிலையில்தான் மாரீஸ்வரி எங்கள் விஷயத்தை வீட்டில் சொல்லிவிட்டாள். "பையன கம்பெனிக்கு வரச் சொல்லு, பாப்போம்" என்றாராம் அவள் அப்பா. அம்மா திருநீறு பூசி அனுப்பினாள். நான் புது ஷூ போட்டுக்கொண்டு போனேன்.

பட்டாசுக் கம்பெனிக்குள் முதல்முறை நுழைகிறவனுக்கு அந்த அமைதி விசித்திரமாக இருக்கும். கார் கேட்டுப் பக்கமே வரக்கூடாது. சுற்றுச்சுவர் திரும்புகிற மூலைக்கு அப்பால், வேப்ப மர நிழலில் நிறுத்தினேன். செருப்பு, ஷூ எல்லாம் வாசலோடு சரி. உள்ளே எல்லாரும் வெறுங்காலில் மெதுவாக நடந்தார்கள். அலுமினியத் தூள் படிந்து முகமும் கையும் வெள்ளியாக மினுங்க, பெண்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே வேலை செய்தார்கள். முற்றத்தில் பச்சையும் சிவப்புமாக வெடிமருந்து உருண்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. நான் அன்றாடம் வரைகிற லேபிளுக்குள்ளேயே வந்துவிட்டது போல இருந்தது.

கேட்டருகே ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. "இது என்னண்ணே?" என்று வாட்ச்மேனைக் கேட்டேன்.

"ஆபத்து மணி. உள்ள இரும்ப இரும்பால தட்டவே கூடாது, தீப்பொறி வரும். பித்தளைச் சாமான்தான். அதனால இரும்புச் சத்தம் விடாம கேட்டா அம்புட்டுப் பேரும் போட்டது போட்டபடி வெளிய ஓடிரணும்."

எவ்வளவு அழகான ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததோடு மணியை மறந்தும் போனேன்.

மாரீஸ்வரியின் அப்பா ஆபீஸ் அறையில் உட்கார்ந்திருந்தார். அதிகம் பேசாத மனிதர். எல்லாரும் கூப்பிடுவதைக் கேட்டு நானும் பதற்றத்தில், "வணக்கம் அண்ணாச்சி" என்று சொல்லித் தொலைத்தேன். (பெண் கேட்டு வந்தவன் பெண்ணின் அப்பாவை அண்ணன் ஆக்கினால், பெண் என்ன முறை ஆவாள் என்று யோசிக்க வேண்டாமா?) அவர் புருவம் மட்டும் லேசாக உயர்ந்தது. வேலை, வீடு என்று விசாரித்துவிட்டு எழுந்தார்.

"இங்கனயே இருங்க தம்பி. சாப்பிட்டதும் உங்க கார்லயே சிவகாசிக்கு வாரேன். போற வழியில என் முடிவச் சொல்றேன்."

என் கார்லயே! அவரை முன்சீட்டில் உட்கார வைத்துவிட்டு 'டக்' என்றால் என் கல்யாணமே 'டக்'. அவர் சாப்பிட்டு வருவதற்குள் காரைக் கிளப்பி ஓட விட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்து, பூனை போல நழுவினேன். வாட்ச்மேன் தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். வெறுங்காலோடு இருந்த நான், வாசலில் கிடந்த என் ஷூவையே மறந்து வெளியேறினேன்.

சாவியைத் திருப்பினேன். டக்.

உள்ளேதான் இரும்பைத் தட்டக்கூடாது, நான் சுவருக்கு வெளியே அல்லவா இருக்கிறேன்? வீல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு காருக்கடியில் மல்லாந்து, செல்ஃப் மோட்டாரைத் தட்டினேன். டங், டங். எழுந்து போய்ச் சாவி. டக். மறுபடியும் அடியில். டங் டங் டங். சத்தத்துக்குச் சுவர் ஏறிக் குதிக்கத் தெரியும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

மூச்சு வாங்க ஒருமுறை தலையை நீட்டிப் பார்த்தேன். தூரத்தில், கண்மாய்க் கரையின்மேல், வெள்ளி மனிதர்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். வெயிலில் தகதகத்தார்கள். ஒருவரும் அசையவில்லை. பின்னால் ஒரே வானம். தட்டான்கள் பறந்தன. நான் சத்தியமாகக் கனவென்றே நினைத்தேன். பிறகு, மாப்பிள்ளையைப் பார்க்க இவ்வளவு கூட்டமா என்று வெட்கம் வந்தது. ஸ்பேனர் பிடித்த கையாலேயே ஒரு வணக்கம் போட்டுவிட்டு, இன்னும் உற்சாகமாகத் தட்டினேன். சுவருக்குள்ளிருந்து "தம்பீ... தம்பீ..." என்று யாரோ கூப்பிடுவது கேட்டது. ஆகா, என்ன பாசம்!

அடுத்து என் முகத்துக்கு நேரே இரண்டு வெறுங்கால்கள் வந்து நின்றன. மாரீஸ்வரி.

"அடப்பாவி மனுசா, இங்கனயா கெடக்கீக? மணி ஆடாமத் தொங்குது, சத்தம் மட்டும் வருதேன்னு வந்தேன். அம்புட்டுப் பேரையும் வெளிய ஓட விட்டுட்டீகளே!" வாசல் பக்கம் கை நீட்டினாள். "ஆள எண்ணுனா ஒரு ஆளு கொறையுது. உங்க ஷூ வாசல்ல கெடக்கு. அப்பா உங்களத் தேடி உள்ள போயிருக்காக."

கையிலிருந்த ஸ்பேனர் கனத்தது. அந்த ஒரு நொடியில் என் கனவெல்லாம் சுத்தமாகக் கலைந்தது. வெடிக்கப் போகிறது என்று நம்பிக்கொண்டு ஒரு மனிதர் உள்ளே திரும்பப் போயிருக்கிறார். முன்பின் பழகாத எனக்காக. அவமானத்தைவிட அழுகைதான் முதலில் வந்தது. "அண்ணாச்சி! அண்ணாச்சி!" என்று கத்திக்கொண்டே கேட்டுக்குள் ஓடினேன்.

கடைசி ஷெட்டுக்குப் பின்னாலிருந்து அவர் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், மூச்சு இரைத்தது. என்னை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் ஸ்பேனரைப் பார்த்தார்.

"அந்தச் சத்தம்...?"

"செல்ஃப் மோட்டாரு, அண்ணாச்சி."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மாரீஸ்வரி போய் விஷயத்தைச் சொன்னதும் கரையிலிருந்து முதலில் ஒரு அக்கா சிரித்தாள், பிறகு கரையே சிரித்தது. தண்ணீர்க் குடத்தோடு ஓடிய வாட்ச்மேன், மணியை வேறு யாரோ அடிக்கிறார்கள் என்று நினைத்தாராம். மாரீஸ்வரியின் அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

காரை எல்லாரும் சேர்ந்து தள்ளினார்கள். டிக்கி முழுக்க வெள்ளிக் கைகள் பதிந்தன. கார் உறுமிக் கிளம்பியதும் அவர் சொன்னபடியே முன்சீட்டில் ஏறினார். "ஆஃப் பண்ணிராதீக" என்றார். அவ்வளவுதான். சிவகாசி வந்துவிட்டது, முடிவு வரவில்லை. நான் ஆனைக்குட்டத்தை மனசுக்குள்ளேயே மூழ்கடித்துவிட்டேன்.

இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மொதல்ல அந்தச் செல்ஃப மாத்துங்க."

"சரிங்க அண்ணாச்சி."

"அப்பறம் இந்த அண்ணாச்சிங்கிறதயும் மாத்துங்க. எம்மகளுக்கு மொறை கெட்டுப் போகும்."

அது சம்மதம் என்று புரிவதற்கு எனக்கு அடுத்த தெரு திரும்ப வேண்டியிருந்தது. (அங்கே சந்தோஷத்தில் கிளட்ச்சைப் பட்டென்று விட்டு, காரை அணைத்துத் தொலைத்தேன். டக்.)

கல்யாணத்துக்குப் பெண் வீட்டுச் சீர் வந்தபோது, பழத்தட்டுக்கும் பட்டுத்தட்டுக்கும் நடுவே ஒரு தட்டில், சந்தனம் குங்குமம் வைத்த புத்தம்புதுச் செல்ஃப் மோட்டார் இருந்தது. தாலி கட்டிய மறுவாரம் அதை மாட்டி, மாரீஸ்வரியை ஆனைக்குட்டத்துக்கு அழைத்துப் போனேன். தண்ணீர் பளபளக்கத்தான் செய்தது. வெள்ளிக் கைத்தடங்களை நான் கழுவவில்லை, மழை கழுவியது.

இன்றும் நான் வீட்டில் ஸ்பேனரைத் தொட்டால், மாரீஸ்வரியும் மகளும் போட்டது போட்டபடி தெருவுக்கு ஓடி நின்று ஆள் எண்ணுவார்கள். "ஒரு ஆளு கொறையுதே!" என்பாள் மகள். அவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே, எழுபதைத் தாண்டிய என் மாமா, முட்டிவலியோடு, நாற்காலியைப் பிடித்து எழுந்து, நான் இருக்கிறேனா என்று பார்க்க உள்ளே வருவார்.