ஒரு முத்தமும் இல்லாத கிறிஸ்துமஸ் படம்

கிறிஸ்துமஸ் அன்னைக்குச் சாயங்காலம் குடும்பத்தோட உக்காந்து பாக்க, ஒரு நல்ல பழைய படம் எடுத்து வைக்கணும். எனக்கு வந்த வேலை அவ்வளவுதான்.

பிரியாணியை எங்க அத்தை, அதான் மாமியாரு, பாத்துக்கிட்டாக. கேக்கு கடையில வாங்கியாச்சு. இயேசு பொறந்த குடிலை டிவிக்குக் கீழ எங்க வீட்டுக்காரரு கட்டிட்டாரு. படம் மட்டும் என் தலையில.

போன வருசம் இந்தப் பொறுப்பு எங்க வீட்டுக்காரருகிட்ட இருந்துச்சு. போஸ்டர்ல கிறிஸ்துமஸ் மரம் தெரியுதேன்னு அவரு ஒரு படத்தைப் போட்டாரு. மரம் இருந்துச்சு. பத்தாவது நிமிஷத்துல செவப்பு உடுப்புப் போட்ட தாத்தாவும் வந்தாரு. பிள்ளைகள் கை தட்டுச்சு. தாத்தா மூட்டைக்குள்ள கையை விட்டாரு. வெளிய வந்தது கோடாரி!

உடனே எந்திச்சவரு எங்க அண்ணன். கூடப் பொறந்த அண்ணன் இல்ல. வீட்டுக்காரரோட அக்கா, எங்க மைனி இருக்காகல்லா, அவுக வீட்டுக்காரரு. திசையன்விளையில இரும்புக் கடை வச்சிருக்காரு. சபையில கமிட்டி மெம்பர்.

"எல்லாரும் கண்ணை மூடுங்க. ஜெபிப்போம்"னாரு.

இருபது நிமிஷம் ஜெபம். அதுல எங்க வீட்டுக்காரரு பேரு மட்டும் நாலு தடவை வந்துச்சு.

அதனால இந்த வருசம் ஒரு வாரத்துக்கு முன்னாலயே எனக்குப் போன் பண்ணிட்டாரு.

"தங்கச்சி, இந்தத் தடவை படத்தை நீ பாரு. வெட்டு குத்து கூடாது. குடி கூடாது. முத்தம்... அது கூடவே கூடாது. பிள்ளைகள் இருக்கு பாத்துக்கோ. பழைய படமாப் பாரு. கறுப்பு வெள்ளைன்னா ஒழுக்கமா எடுத்திருப்பான்."

"சரிண்ணே"ன்னேன்.

அத்தை அவுக பங்குக்கு ஒண்ணு சொன்னாக. "நடுவுல கொஞ்சம் அழுக வரணும் பிள்ளே. அழ வைக்காம அது என்ன கிறிஸ்துமஸ் படம்?"

ஒரு வாரம் டைம் இருந்துச்சு. நான் படம் தேட ஆரம்பிச்சது கிறிஸ்துமஸ் அன்னைக்கு மத்தியானம் மூணு மணிக்கு! என் லெச்சணம் அது.

அதுக்குக் கொஞ்சம் முன்னாலதான் மஸ்கட்ல இருந்து கொழுந்தன் வாழ்த்து வீடியோ அனுப்பியிருந்தான். அத்தைக்குச் சின்னதாத் தெரிஞ்சா கண்ணு வலிக்கும்னு, என் போனை ஹால் டிவியோட சேத்து விட்டுப் பெருசாப் போட்டுக் காமிச்சேன். அத்தை ரெண்டு சொட்டு கண்ணீர் விட்டாக. நான் போனை எடுத்துக்கிட்டு மாடி ரூமுக்குப் போயிட்டேன். டிவி ரிமோட்டையும் கையோட தூக்கிட்டுப் போனேன். இல்லேன்னா மைனி பிள்ளைகள் ரெண்டும் கார்ட்டூன் போட்டிரும்.

கதவைத் தாப்பாப் போட்டேன். ஃபேனை அஞ்சுல வச்சேன். போன் சத்தத்தைச் சுத்தமா அமத்திட்டேன். பேனாவும் ஒரு துண்டுப் பேப்பரும் எடுத்துக்கிட்டு உக்காந்தேன்.

மூணு பழைய படம் சிக்குச்சு. மூணையும் பாத்து முடிக்க நேரம் ஏது? அதனால ஒரு வழி கண்டுபிடிச்சேன். விரலால படத்தைத் தள்ளிக்கிட்டே போறது. ஆம்பளையும் பொம்பளையும் பக்கத்துல பக்கத்துல நின்னா, அங்கன நிப்பாட்டிப் பாக்கது. முத்தம் வந்தா நிமிஷத்தைக் குறிச்சு வைக்கது.

முதல் படம். பனி, வண்டி, மணிச் சத்தம். தள்ளுனேன். முத்தம். தள்ளுனேன். முத்தம். கறுப்பு வெள்ளைதான், ஆனா அண்ணன் சொன்ன ஒழுக்கத்தைக் காணோம். மொத்தம் அஞ்சு. தள்ளுபடி!

ரெண்டாவது படம். அதுல முத்தம் கம்மி, குடி ஜாஸ்தி. அதுவும் தள்ளுபடி.

மூணாவது படம் பரவாயில்ல. பனியில ரயில் நின்னு போகுது. ஒரு சின்ன ஸ்டேஷன். ஸ்டேஷன் மாஸ்டர் ஒண்டிக்கட்டை. ரயில்ல வந்த டீச்சரம்மா நாலு அனாதைப் பிள்ளைகளோட அங்கன மாட்டிக்கிடுதா. அழுகைக்கு உத்தரவாதம் இருக்கு. தள்ளித் தள்ளிப் பாத்ததுல ரெண்டே ரெண்டு எடம்தான். முப்பத்தெட்டாவது நிமிஷத்துல ஒண்ணு, சந்தேகமே இல்ல. கடைசியில ஒண்ணு, அதுலதான் சிக்கல்.

அது நெத்தியில குடுக்கானா, மூக்குல குடுக்கானான்னு தெரியல! நெத்தின்னா பாசம், விட்டிரலாம். மூக்குன்னா அண்ணன் எந்திச்சிருவாரு. மூணு தடவை திருப்பிப் போட்டுப் பாத்தேன். ரெண்டு விரலால இழுத்துப் பெருசாக்கியும் பாத்தேன். தீரல.

அப்பம்தான் கதவை யாரோ தட்டுனாக. மைனி பிள்ளைகள்தான்.

"படம் இன்னும் ரெடியாகல பிள்ளேயளா! ஒரே ஒரு முத்தம்தான் பாக்கி. கீழ போங்க!"ன்னு சத்தம் போட்டேன். போயிருச்சுக.

கீழ ஒரே அமளி. நாற்காலி இழுக்க சத்தம், யாரோ "ஆண்டவரே"ங்காக. நல்ல நாளு, சொந்தக்காரங்க சந்தோசமா இருக்காகன்னு நெனச்சேன்.

அடுத்து போன் வந்துச்சு. அண்ணன்! கீழ ஹால்ல இருந்துக்கிட்டு எனக்கு எதுக்குப் போன்? படம் என்னாச்சுன்னு அவசரப்படுத்துதாரு போலன்னு கட் பண்ணிட்டேன். மறுபடி வந்துச்சு. மறுபடி கட்.

ஐஸ்கிரீம் வாங்கப் போயிருந்த வீட்டுக்காரருக்கு ஒரு மெசேஜ் தட்டுனேன். "உங்க அத்தான் போன் மேல போன் போடுதாரு. நான் முத்தம் பாத்துக்கிட்டு இருக்கேன். எடுக்கல."

நெத்தின்னு முடிவு பண்ணிட்டு, பேப்பரை மடிச்சுக்கிட்டு, ஜெயிச்ச மாதிரி கீழ எறங்கினேன்.

"படம் ரெடி!"



ஹால்ல மைனி கையில போர்வையோட நிக்காக. அத்தை ரெண்டு பிள்ளைகள் மொகத்தையும் முந்தானையால மூடிப் புடிச்சிருக்காக. அத்தை கண்ணு மட்டும் நல்லாத் தொறந்திருக்கு. அண்ணன் தரையில குப்புறப் படுத்து, குடிலுக்குப் பின்னால தோள் வரைக்கும் கையை விட்டிருக்காரு. இன்னொரு கையில ஒரு களிமண் ஒட்டகம்.

சோபாவுல, வீடு வீடா ஜெபம் பண்ண வந்த எங்க போதகர் ஐயா. அச்சு முறுக்கைக் கையில வச்சுக்கிட்டு, கடிக்காம, டிவியவே பாக்காரு.

நானும் டிவியப் பாத்தேன்.

நாப்பத்துமூணு இஞ்சுல என் போன் இருந்துச்சு. நான் அனுப்புன மெசேஜ் இருந்துச்சு. அதுல "முத்தம்" என் கையளவு பெருசா இருந்துச்சு.

கொழுந்தன் வீடியோவுக்குச் சேத்து விட்டதை நான் பிரிக்கவே இல்ல. மைனிதான் ஒண்ணொண்ணாச் சொன்னாக.

மொத முத்தத்துக்கு எல்லாரும் சிரிச்சாகளாம். ரெண்டாவதுக்கு அண்ணன் தொண்டையச் செருமுனாராம். மூணாவதுக்கு ரிமோட்டைத் தேடியிருக்காக. அது என் பக்கத்துல மாடியில. சுவிச்சைத் தேடியிருக்காக. அது குடிலுக்குப் பின்னால. போர்வையப் போட்டு மூடலாம்னா, டிவி உசரத்துல மாட்டியிருக்கு, போர்வை வழுக்கி வழுக்கி விழுது. நாலாவது முத்தத்துக்குப் போதகர் ஐயா உள்ள வந்திருக்காரு!

"சத்தமும் இல்லளா," அத்தை சொன்னாக. "கதையும் இல்ல. சும்மா முத்தம் மட்டும் வருது. ஒரே முத்தத்தைத் திருப்பித் திருப்பி வேற போட்டே. பெருசாக்கி வேற போட்டே!"

"பிள்ளைகளை மேல போயி உன்னக் கூப்பிடச் சொன்னோம்," மைனி சொன்னாக. "இன்னும் ஒரு முத்தம் பாக்கியாம்னு வந்து சொல்லுதுக."

அண்ணன் பைய எந்திச்சு ஒட்டகத்தைக் கீழ வச்சாரு. மொகமெல்லாம் வைக்கோல்.

"நான் போன் போட்டேன் தங்கச்சி."

"பாத்தேன்ணே..."

"நானும் பாத்தேன். டிவியில பேரு வந்துச்சு."

என் போன்ல அவரு பேரை நான் எப்படி வச்சிருக்கேன்னு அப்பம்தான் ஞாபகம் வந்துச்சு.

'சென்சார் அண்ணன்.'

ரெண்டு தடவை வந்திருக்கு. ரெண்டு தடவையும் நான் கட் பண்ணதையும் சபையா உக்காந்து பாத்திருக்காக.

அண்ணன் எந்த நிமிஷமும் "கண்ணை மூடுங்க"ன்னு சொல்லிருவாருன்னு நின்னேன். இந்த வருசம் என் பேரு பத்துத் தடவையாவது வரும்.

அப்பம் போதகர் ஐயா முறுக்கை ஒரு கடி கடிச்சாரு.

"ஏம்மா, அந்த ஸ்டேஷன் மாஸ்டர் கடைசியில அந்தப் பொண்ணைக் கட்டிக்கிட்டானா?"

"தெரியலைங்க ஐயா. நான் கதையப் பாக்கல. முத்தம் வார நிமிஷத்தை மட்டும்தான் எழுதுனேன்."

"அந்தப் பிள்ளைகள் என்னாச்சு?" இது மைனி.

"அதுகளை யாரு எடுத்து வளத்தா?" இது அத்தை. கண்ணு கலங்க ஆரம்பிச்சிருச்சு.

ஐயாவுக்கு இன்னும் ஆறு வீடு பாக்கி. ஜெபத்தை ரெண்டே நிமிஷத்துல முடிச்சாரு. வாசல்ல செருப்பை மாட்டும்போது, "முடிவை எனக்குச் சொல்லணும்"னுட்டுப் போனாரு.

ஆறு மணிக்குப் படம் போட்டோம். நான் ரிமோட்டை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு முன்னால உக்காந்தேன். முப்பத்தேழாவது நிமிஷம். விரலை பட்டன் மேல வச்சேன்.

"விட்டிருளா," அத்தை சொன்னாக. "எல்லாரும் பாத்ததுதானே."

அண்ணனைத் திரும்பிப் பாத்தேன். அவரு சரியா அந்த நேரத்துல குனிஞ்சு, ஆட்டுக்குட்டி சாஞ்சிருக்குன்னு குடிலைச் சரி பண்ணிக்கிட்டிருந்தாரு. முத்தம் முடியவும் நிமிந்துக்கிட்டாரு.

ரயில் கெளம்புச்சு. பிள்ளைகளை ஏத்தி விட்டுட்டு ஸ்டேஷன் மாஸ்டர் பச்சைக் கொடியக் கையில வச்சுக்கிட்டு நிக்கான். ரயில் போகுது. பாத்தா, நாலு பிள்ளைகளும் டீச்சரும் எறங்கி நடைமேடையிலயே நிக்காக! அத்தை தேம்புனாக. மைனி தேம்புனாக. ஐஸ்கிரீம் உருகி ஓடுது, ஒருத்தருக்கும் நெனப்பில்ல.

கடைசி முத்தம் வந்துச்சு. எல்லாரும் டிவியப் பாத்துக் கழுத்தை நீட்டுனோம்.

பின்னால இருந்து அண்ணன் குரல் வந்துச்சு. கொஞ்சம் கரகரன்னு இருந்துச்சு.

"நெத்திதான்."

மறுநாள் காலையில எனக்கு ஒரு போன். போதகர் ஐயா. முடிவைச் சொன்னேன். ரொம்ப சந்தோசப்பட்டாரு. அப்புறம் குரலைத் தாத்திக்கிட்டு, "அம்மா, நம்ம வாலிபர் கூட்டத்துக்கும் ஒரு நல்ல படம் பாத்துக் குடுக்கணுமே"ன்னாரு.

"சரிங்க ஐயா. எந்த மாதிரி படம்?"

"எதுன்னாலும் சரி. நிமிஷத்தை மட்டும் எழுதிக் குடுத்திரு."