வால் அறுந்த முள்ளெலி

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வராதவன் பாடம் எடுக்கப் போகக் கூடாது. நான் போனேன். அதுவும் வலயக் கல்விப் பணிமனையின் விஞ்ஞான அதிகாரி அம்மா பின்வரிசை வாங்கில் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்த நாளில்.

அப்போது நான் பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தொண்டர் ஆசிரியன். அன்றைய பாடம் நன்றாகப் போனால் நிரந்தர நியமனத்துக்குச் சிபாரிசு செய்வார்கள். நியமனம் வந்ததும் அம்மா தோட்டத்து வேலைப் பட்டியலிலிருந்து பேர் வெட்டிக்கொண்டு வீட்டில் இருப்பதாகப் பேச்சு. கொழுந்து எடுத்தே தேய்ந்த முழங்கால் மலை ஏற மறுத்துக்கொண்டிருந்தது. காலையில் தோட்டத்தில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் புறப்படும்போதே, "நல்லாப் பாடம் எடு சாமி. என் காலு ஒன்னயத்தான் நம்பியிருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

தலைப்பு, விலங்குகளின் பாகுபாடு. எல்லோரையும்போல அணிலையும் எலியையும் வைத்து நடத்தினால் என் பெருமை என்னாவது? (எனக்கு அப்போது அறிவைவிட அதுதான் அதிகம்.) தென் அமெரிக்கக் காட்டில் வாழும் 'ஸ்பைனி ராட்' பற்றி இணையத்தில் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் கிடைத்தது. ஸ்பைனி என்றால் முள், ராட் என்றால் எலி. ஆக, முள்ளெலி! குறிப்பைத் தமிழில் எழுதிக்கொண்டேன். பிறகு போனில் 'முள்ளெலி' என்று தேடி, முதலில் வந்த படத்தை டவுன் கொமினிகேஷன் கடையில் பெரிதாக அச்சடித்தேன். தமிழில் அந்தப் பெயரை வேறொரு பிராணி எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது, உடம்பெல்லாம் ஊசியாகப் பந்துபோல் சுருண்டுகொள்ளும் பிராணி, என்பது எனக்குத் தெரியாது. நம் மலையில் அது கிடையாது என்று இன்றுவரை சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

படத்தைக் கரும்பலகையில் ஒட்டிவிட்டுக் கம்பீரமாக வாசித்தேன். செம்பழுப்பு முதுகு, வெள்ளை வயிறு, மயிருக்கிடையே தட்டையாகப் படிந்த விறைப்பான முட்கள், நீண்ட வால்.

முன்வரிசைக் கௌசல்யா எழுந்தாள். "வால் எங்க சேர்?"

திரும்பிப் பார்த்தேன். படத்தில் வாலே இல்லை. குறிப்பில் கண்ணை ஓட்டினால் கடவுளே எழுதிக் கொடுத்ததுபோல் அடுத்த வரி: ஆபத்தில் இதன் வால் எளிதில் அறுந்துவிடும்.

"அது அறுந்து போச்சு" என்றேன்.

"முள்ளு படிஞ்சிருக்கும்னீங்க சேர். குத்திக்கிட்டு நிக்குதே?"

"வால் அறுந்த கோவம்."

வகுப்பு சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. நான் விடாமல், பெயரில் எலி இருந்தாலும் இது வீட்டு எலிக்குத் தூரத்துச் சொந்தம்தான், கினிப்பன்றிதான் பக்கத்துச் சொந்தம், முள்ளம்பன்றியும் அந்த வழி உறவு என்று முடித்தேன்.

அதிகாரி அம்மா எழுந்து படத்தின் அருகே வந்தார்.

"தம்பி, நீங்க வாசிச்சது பூரா சரி. ஆனா ஒட்டியிருக்கிறது கொறிக்கிற இனமே இல்லங்க. பூச்சி திங்கிற இனம். இதுக்கு வால் அறுந்து போகல, பொறக்கும்போதே அவ்வளவுதான்." கௌசல்யாவைக் காட்டினார். "இந்தப் புள்ள ரெண்டு தரமும் சரியாத்தான் கேட்டுச்சு."

சிபாரிசு போகவில்லை. வீட்டில் நடந்ததைச் சொன்னபோது தங்கச்சி உருண்டு உருண்டு சிரித்தாள். அம்மா முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாளும் பெரட்டுக்குப் போனார். நான் வெட்கத்தில் போர்வையை விட்டு வெளியே வரவில்லை.

அதிலிருந்து எங்கள் வீட்டில் எது காணாமல் போனாலும், குடையோ சீப்போ, ஒரே பதில்தான்: "அறுந்து போச்சு."

நியமனம் இரண்டு வருடம் கழித்துத்தான் வந்தது. அம்மா பேர் வெட்டிக்கொண்டு வந்த அன்று சோறு பரிமாறியபடி தங்கச்சி என்னைச் சீண்டினாள்.

"அண்ணன் அன்னிக்கே ஒழுங்காப் படம் ஒட்டியிருந்தா நீ ரெண்டு வருசம் முந்தியே வேலைய விட்டு நின்னிருக்கலாம். அந்த ரெண்டு வருசம் எங்க போச்சும்மா?"

அம்மா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அது அறுந்து போச்சு."

எல்லோரும் சிரித்தோம். அம்மாவும் சிரித்தார். சிரித்தபடியே, கை கழுவ எழுந்திருக்க என் பக்கம் கையை நீட்டினார்.