ஏணி ஏறிய பாய்லர்

மனிதகுலம் கண்டுபிடித்த எந்திரங்களிலேயே மகத்தானது 'க்ரோத்' என்ற ஆங்கிலச் சொல்தான் என்று எந்தச் சபையிலும் அடித்துச் சொல்வேன். நிலக்கரி வேண்டாம், எண்ணெய் வேண்டாம், பழுதுபார்க்க ஆள் வேண்டாம். வாயைத் திறந்து சொன்னால் போதும், எதுவும் மேலே போய்விடும். எங்கள் நீராவிச் சலவைக்கூடமே அதற்குச் சாட்சி.

ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளையும் ஆஸ்பத்திரிகளின் போர்வைகளையும் மூட்டை மூட்டையாக வாங்கி, வெளுத்து, தேய்த்து அனுப்புவது எங்கள் தொழில். நான் அங்கே அறிக்கை எழுதுபவன். பாய்லரைப் பார்த்துக்கொள்பவர் என் தங்கையின் கணவர், எங்கள் வீட்டு மாப்பிள்ளை.

ஒருநாள் மேனேஜர், டை கட்டிய ஓர் ஆலோசகரை அழைத்து வந்தார். அவர் கூட்ட அறைச் சுவரில் ஏணி வரைந்து, படிக்கு ஒன்றாக, ஏற்றத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களை எழுதினார். கீழ்ப்படியில் துளி ஏற்றமான 'அப்டிக்'. அதற்கு மேலே 'க்ரோத்', 'ராலி', 'சர்ஜ்'. உச்சியில், தடையை உடைத்துக்கொண்டு மேலே போகும் 'பிரேக்அவுட்'. திங்கள்தோறும் ஒவ்வொரு பிரிவும் தன்னிடம் எது ஏறியது என்று சொல்ல வேண்டும். அதற்குரிய படியை நான் அறிக்கையில் எழுத வேண்டும். எத்தனையாவது படியோ, அத்தனை கைதட்டல். இறங்கியது என்று சொல்பவருக்கு அன்று நாற்காலி கிடையாது. என்ன ஞானம்! முதல் வாரமே எங்களுக்கு வந்த புகார்க் கடிதங்கள் இரண்டு மடங்கு ஏறியிருந்தன. 'சர்ஜ்' என்று எழுதினேன். நான்கு கைதட்டல்.

மூன்றாவது திங்களன்று மாப்பிள்ளை எண்ணெய்க் கறைச் சட்டையோடு எழுந்தார்.

"சார், பாய்லர்ல பிரஷர் ஏறிக்கிட்டே இருக்கு. முள்ளு சிவப்புக் கோட்டைத் தொடுது. சேஃப்டி வால்வு இறுகிப் போச்சு, தானாத் திறக்கல. நான்தான் பக்கத்துலயே நின்னு, அப்பப்போ கையால ஆவியைத் திறந்து விடறேன்."

"ஏறுதா, இறங்குதா?" என்று கேட்டார் மேனேஜர்.

"ஏறுது சார். அதான் பயமே."

"ஏறுறதுக்கு யாராவது ஒப்பாரி வைப்பாங்களா? டிக்‌ஷனரி, நீ சொல்லு."

டிக்‌ஷனரி நான்தான். "'க்ரோத்' சார். விடாம ஏறுறதால 'சஸ்டெயின்ட் க்ரோத்'" என்றேன். இரண்டு கைதட்டல். அந்த 'விடாம'வுக்காக ஆலோசகர் தம் பங்குக்கு ஒன்று கூடுதலாகத் தட்டினார்.

இரண்டு நாள் பாய்லரை நிறுத்தி வால்வை மாற்ற வேண்டும் என்றார் மாப்பிள்ளை. 'நிறுத்தம்' ஏணியில் இருக்கிறதா என்று தேடினேன். மனசாட்சிக்குப் பயந்து இரண்டாம் முறையும் தேடினேன். இல்லாத படியை எப்படி எழுதுவது?

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மச்சான், நீங்களாவது நான் சொன்னதைச் சொன்னபடி எழுதுங்க. சத்தியமா வெடிச்சுடும்."

"அடுத்த வாரம் உங்களை 'சர்ஜ்'ல போடறேன் மாப்பிள்ளை. நாலு கைதட்டு! தங்கச்சி எவ்வளவு சந்தோஷப்படுவா!"

"செவிடன் காதுல சங்கு ஊதியிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் வாக்குத் தவறாதவன். அடுத்த திங்கள் 'சர்ஜ்' போட்டேன். 'மாதத்தின் ஏற்ற நாயகன்' என்ற சான்றிதழைப் பாய்லர் அறைக் கதவில் ஒட்டினார்கள்.

புதன்கிழமை காலை பத்தரை மணிக்குப் பாய்லர் உறுமியது. "எல்லாரும் வெளிய ஓடுங்க!" என்று கத்திய மாப்பிள்ளை, தான் மட்டும் ஓடவில்லை. ஆவியைத் திறந்துவிடும் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருகிக்கொண்டு நின்றார். தேய்க்கும் கூடத்திலிருந்த பதினெட்டுப் பேரும் வாசலைத் தாண்டிய பிறகுதான் குழாய் பிளந்தது. தகரக் கூரை எதிர்த் தெருவில் போய் விழுந்தது. மாப்பிள்ளையின் கைகள் முழங்கைவரை வெந்துபோயின.

மேனேஜர் அரை மணி நேரத்தில் என்னைக் கூப்பிட்டார். "மேலிடத்துக்கு அறிக்கை போகணும். எந்தப் படி?"

கூரையையே உடைத்துக்கொண்டு மேலே போயிருக்கிறது. 'பிரேக்அவுட்' என்று எழுதினேன். உச்சிப் படியைத் தொட்ட முதல் பிரிவு, எங்கள் மாப்பிள்ளையின் பிரிவுதான். ஐந்து கைதட்டல். எழுதியதில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. அந்தப் பெருமையையும் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாப்பிள்ளை கண் திறக்காமல் கிடந்தார். அவர் படுத்திருந்த விரிப்பின் ஓரத்தில் எங்கள் சலவைக்கூடத்து முத்திரை. வெள்ளை வெளேரென்று நன்றாகத்தான் வெளுத்திருந்தோம். நர்ஸ் தெர்மாமீட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு, டாக்டரைத் தேடி ஓடினார்.

"காய்ச்சல் எப்படிம்மா இருக்கு?" என்று தங்கையைக் கேட்டேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"காலையில நூறு. மத்தியானம் நூத்தி ரெண்டு. இப்போ நூத்தி நாலு. விடாம ஏறுது அண்ணா. எந்தப் படி?"

வாயைத் திறந்தேன். ஏணியில் கீழிருந்து உச்சிவரை மனசுக்குள் தேடினேன்.

"ஏன் சும்மா நிக்கறீங்க? தட்டுங்க. உங்களுக்குத்தான் ரெண்டு கையும் நல்லா இருக்கே."