கால்வாயைத் தத்தெடுத்த நாள்

அன்று காலை அடையாறு பகுதியில் ஒரு சந்தில் இருந்தவர்கள்: எங்கள் சாஃப்ட்வேர் நிறுவனத்தின் எம்.டி., என் மேலாளர் ரேவதி மேடம், தையல் கடை சலீம் பாய், கையில் பையுடன் ஏழெட்டுப் பெண்கள், நான். வராதது குழந்தை மட்டும்தான். பெண்கள் வந்திருந்ததே அதைப் பார்க்கத்தான்.

தப்பு என்னுடையது. போன மழையில் எம்.டி.யின் காரும் ஆபீஸ் பஸ்களும் பாதி வழியில் நின்றுவிட்டன. கம்பெனி முதலாளிகள் எல்லாம் கூடி, ஆளுக்கொரு மழைநீர்க் கால்வாயைப் பராமரிப்பது என்று முடிவெடுத்தார்கள். அவர்கள் அதை 'அடாப்ட்' என்றார்கள். பேனர் எழுதும் வேலை எனக்கு வந்தது. சேர்ந்து ஐந்து மாதம்; ஆறாவது மாதம் நிரந்தரமாக்குவார்கள், அல்லது வீட்டுக்கு அனுப்புவார்கள். எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். மீன் விற்கும் என் அம்மா, மகனின் ஏசி ரூம் வேலையைப் பற்றிச் சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். (திருப்பி வாங்க முடியாத செய்தி அது.)

அகராதி பார்த்து, 'தத்தெடுப்பு விழா' என்று எழுதினேன். "தம்பி, ஓரத்துல ஒரு தொட்டில் குழந்தை போட்டுடவா?" என்றார் பேனர் கடைக்காரர். நான் அதை உருவகம் என்று நினைத்துப் பூரித்தேன். (கல்லூரியில் கவிதைக்குப் பரிசு வாங்கியவன். ஆறுதல் பரிசு.) குழந்தைக்கு இடம் வேண்டி, 'மழைநீர்க் கால்வாய்' என்பதை அவர் எறும்பு அளவுக்குச் சுருக்கியதை நான் கவனிக்கவில்லை. தொடர்புக்கு என் நம்பரைப் பெரிதாகப் போடச் சொன்னதும் நான்தான்.

எம்.டி. ரிப்பன் வெட்டியதும் ஓர் அக்கா முன்னால் வந்தார். கையில் கிரைப் வாட்டர் பாட்டில்.

"புள்ள எங்க கண்ணு?"

நான் கால்வாயைக் காட்டினேன்.

"இந்தக் காவாவா? இதுக்கு இன்னா வயசு தெரியுமா? எனக்கே அக்கா இது."

எம்.டி. சிரித்துக்கொண்டே காரை நோக்கி நகர்ந்தார். தி.நகரில் அடுத்த கூட்டம். கழுத்தில் டேப்புடன் சலீம் பாய் குறுக்கே வந்து நின்றார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. தத்து எடுத்தா வூட்டுக்கு இட்டுக்கினு போணும். போட்டோ எடுத்துக்கினு புள்ளைய ரோட்லயே வுட்டுட்டுப் போனா எப்டி?"

"குளிப்பாட்டியாவது வுடுங்க," என்றார் அக்கா.

ரேவதி மேடம் என்னைப் பார்த்த பார்வையில் என் ஆறாவது மாதம் தெரிந்தது. எம்.டி. வேறு வழியின்றி போனை எடுத்தார். பெரிய மனிதர்களின் போனுக்குத் தனி சக்தி உண்டு. அரை மணியில் தூர்வாரும் இயந்திரம் வந்து நின்றது. (பாய் இரண்டு வருஷமாக மனு கொடுத்துக்கொண்டிருந்தாராம்.) ஒரு மெத்தை வந்தது. ஹெல்மெட் வந்தது. கடைசியாக, தண்ணீரை அடைத்துக்கொண்டிருந்த பெரிய சுருள் ஒன்று மேலே வந்தது. விரித்துப் பார்த்தால் எங்கள் நிறுவனத்தின் போன வருஷப் பேனர். 'தூய்மை நம் கடமை.' கீழே, சேற்றிலும் புன்னகை மாறாத எம்.டி.

அக்கா குனிந்து பேனரைப் பார்த்தார். நிமிர்ந்து எம்.டி.யைப் பார்த்தார்.

"அப்பா ஜாடை அப்டியே கீது."

முதலில் சிரித்தது எம்.டி.தான். அதனால் நான் பிழைத்தேன். அவர் தி.நகர் கூட்டத்தை ரத்து செய்துவிட்டு மதியம் வரை அங்கேயே நின்றார். மறுமாதம் என் வேலை நிரந்தரமானது, கால்வாய்ப் பொறுப்பும் சேர்த்து.

இன்றும் நாலு தூறல் விழுந்தால் பாய் அழைக்கிறார்: "தம்பி, உங்க புள்ள ரோட்டுக்கு வந்துடுச்சு." அம்மாவுக்கு மார்க்கெட்டில் சொல்லப் புதுச் செய்தி கிடைத்துவிட்டது: "கண்ணாலத்துக்கு மின்னாடியே எம் மவனுக்கு ஒரு புள்ள. மழை வந்தா அடங்காது."

அன்றைய செலவை ரேவதி மேடத்திடம் எழுதிக் கொடுத்தேன். பேனர், இயந்திரம், மண் அள்ளிய லாரி, டீ எல்லாம் சேர்த்துப் பதினெட்டாயிரத்து எழுபது ரூபாய். அந்த எழுபது, அக்கா வாங்கி வந்து, மருந்துக் கடைக்காரர் திருப்பி வாங்க மறுத்த கிரைப் வாட்டர்.